பிரபலப் பெண்ணை விமர்சித்தால் அது பெண்ணியத்துக்கு எதிரானதா?

இல்லை. எதை விமர்சிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

2014 மே மாதம் நியூயார்க்கின் நியூ ஸ்கூல் பல்கலைக்கழகத்தில் நடந்த கலந்துரையாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பாடகி பியான்சே உள்ளாடை போன்ற உடையில் தோன்றிய டைம் இதழ் அட்டைப்படம் பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் பிம்பம் சிறுமிகளை என்ன செய்கிறது என்பதே கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸின் கவலை. அதே மேடையில் இருந்த திருநங்கை எழுத்தாளர் ஜேனட் மாக் மறுத்தார்: தன் உடலைத் தனதாக்கிக்கொண்ட பியான்சே தனக்குத் துணிவு தந்தவர் என்றார். இரண்டுமே பெண்ணிய வாதங்கள்தான்.

சறுக்கியது ஒரே சொல்லில். பியான்சேயின் ஒரு பகுதியைப் ‘பயங்கரவாதி’ என்றார் ஹூக்ஸ். பிறகு தலைப்புச் செய்தி அந்தச் சொல்தான். சிறுமிகள் பற்றிய வாதம் காணாமல் போனது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

ஆகவே எழுதும்போது படத்தைத் தேர்ந்தெடுத்தது யார், லாபம் யாருக்கு, பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். பிறகு பெண்ணின் பெயரை எடுத்துவிட்டு ஓர் ஆண் நடிகரின் பெயரைப் போட்டு வாசியுங்கள். ‘இந்த வயசுல இப்படி உடுத்தலாமா’, ‘குழந்தை பெத்தவ’ போன்ற வரிகள் உடனே அபத்தமாகிவிடும், அவற்றை வெட்டுங்கள். ‘சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தில் நடித்தது தவறு’ என்பது அப்படியே நிற்கும், ஏனென்றால் அது அவர் எடுத்த முடிவைப் பற்றியது.