ஹையேஸ் வேனில் இருப்பது எந்த ஆட்டோமேடிக் கியர் பாக்ஸ்?

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தொண்ணூறுகளில் வந்த டொயோட்டா ஹையேஸ், வெளிநாட்டிலிருந்து இறக்கிய ஆட்டோமேடிக் வண்டி. கியர் மாறும்போது வழுக்குகிறது, ஃபில்டரும் பேக்கிங்கும் (ஆயில் கசியாமல் இடையில் வைக்கும் ஷீட்) வாங்கப் போனால் "எந்த கியர் பாக்ஸ்ணே?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்கிறாராம், ஆர்.சி. புக்கில் தேடியும் கிடைக்கவில்லையாம்.

ஆர்.சி.யில் கிடைக்காது. அதில் சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும்தான் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது வண்டியிலேயே அடித்திருக்கும் சின்னத் தகடு. கதவுத் தூண், முன்சீட்டு ஓரம், இன்ஜின் பக்கத்துத் தகரம் என்று வண்டிக்கு வண்டி இடம் மாறும். காசிமேடு பக்கம் நிறுத்தும் வண்டி என்றால் உப்புக்காற்றில் எழுத்து மங்கியிருக்கும், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள், உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள்.

அந்தத் தகட்டில் டிரான்ஸ், ஆக்ஸில் என்று சேர்த்துப் போட்ட வரியில் முதலில் வருவதுதான் கியர் பாக்ஸ் குறியீடு. ஏ340இ என்றிருந்தால் ஏ ஆட்டோமேடிக், 3 குடும்பம் (ஒரே டிசைன் வரிசை), 4 நாலு கியர், கடைசி இ எலக்ட்ரானிக். ஏ45டிஎல் போன்றவை அதற்கு முந்தைய பெயர் முறை, அதில் டி ஓவர்டிரைவ், எல் லாக்-அப். மாடல் குறியீட்டில் கோட்டுக்குப் பின்னால், பெரும்பாலும் மூன்றாவது எழுத்தாக, பி (P) வந்தால் நாலு கியர் ஆட்டோமேடிக் என்று அர்த்தம். எந்தக் குடும்பம் என்பதை அது சொல்லாது.

தகடு சொன்னதை அப்படியே நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். இத்தனை வருடத்தில் யாராவது புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில் வேறு ஒன்றைப் பிடித்து மாட்டியிருக்கலாம். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள் (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்), கியர் பாக்ஸின் பக்கவாட்டைப் பாருங்கள். லீவர் நிலையைச் சொல்லும் சுவிட்சுக்குப் போகும் வயரைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது எல்லா வகையிலும் உண்டு. அதை விட்டு, கொத்தாக வயர் போய் சாக்கெட்டில் ஏறினால் எலக்ட்ரானிக். ஒன்றிரண்டு வயர்தான் என்றால் ஆயில் பிரஷரிலேயே கியர் மாற்றும் பழைய வகை. ஆக்சிலேட்டர் பக்கமிருந்து கேபிள் வருகிறதே, அப்போது பழைய வகைதான் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். தப்பு, ஏ340இ-க்கும் அந்தக் கேபிள் உண்டு. பாக்ஸின் மேல் 30-40எல்இ என்ற ஐசின் (இந்தப் பாக்ஸைச் செய்யும் கம்பெனி) தகடு இருந்தால் அதுவும் இதே ஏ340 குடும்பம்தான்.

அப்புறம் சேம்பர், அதாவது கியர் பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தட்டு. போல்ட்டை எண்ணுங்கள், ஒரு அட்டையை மேலே அழுத்திப் பிடித்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்து கடைக்கு எடுத்துப் போங்கள். வருடத்தைச் சொல்லி பேக்கிங் வாங்கிவந்து, இரண்டு ஓட்டை உட்காராமல் நானே திரும்ப அலைந்திருக்கிறேன்.

எதையும் கழற்றும் முன் கியர் பாக்ஸின் டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இழுத்துப் பாருங்கள். என்ன ஆயில் என்று பல வண்டிகளில் அதிலேயே அடித்திருக்கும். வண்டி சூடாக, இன்ஜின் ஓட, லீவரை எல்லா நிலைக்கும் ஒரு முறை கொண்டுபோய் பி-யில் (P, பார்க்கிங்) வைத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாகி கருகிய வாசனை அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட் தீய்ந்திருக்கிறது. ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது: ஒன்று ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகியிருக்கும், இல்லை 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வண்டி நின்றிருக்கும். விற்றவரிடம் இதைக் கேட்டீர்களா?

சேம்பரை இறக்கியதும் அடியில் ஒட்டியிருக்கும் காந்தத்தைத் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி விரலில் ஒட்டினால் சாதாரணத் தேய்மானம், ஃபில்டர் மாற்றி ஓட்டலாம். செதில் செதிலாக மின்னினால் ஃபில்டர் காசை மிச்சம் பிடியுங்கள், அந்தப் பாக்ஸை முழுசாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.