42, 43, 44 வாங்கிவிட்டேன்; முடிவு எங்கே?

பழைய காமிக்ஸ் வாங்கி ஏமாந்தவர்களின் கடிதங்களில் ஒரே கதையின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: டிசி நிறுவனம் 1984-ல் வெளியிட்ட 'தி ஜூடாஸ் கான்ட்ராக்ட்'. மார்வ் உல்ஃப்மேன் எழுத, ஜார்ஜ் பெரெஸ் வரைந்தது. டீன் டைட்டன்ஸ் என்ற இளம் சூப்பர் ஹீரோ அணியில் தோழியாகச் சேர்ந்த டெர்ரா, டெத்ஸ்ட்ரோக் என்ற கூலிக் கொலையாளியிடம் அணியைக் காட்டிக்கொடுக்கும் கதை. இன்னும் படிக்காதவர்களுக்காக, முடிவைச் சொல்லாமல் பதில் தருகிறேன்.

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். இணையத்தில் ஒரு காமிக்ஸ் கடை 'ஜூடாஸ் கான்ட்ராக்ட், முழுக் கதை' என்று விளம்பரம் செய்திருந்த மூன்று இதழ்களை வாங்கினேன். 44-ம் இதழ் முடிந்தும் கதை முடியவில்லை. கேட்டால், "சொன்ன எண்களைத்தானே அனுப்பியிருக்கிறோம்" என்கிறார்கள்.

பதில்: எண்கள் சரிதான், 'முழு' என்ற சொல்தான் பொய். இந்தக் கதையின் நான்காம் பாகம் 45-ம் இதழில் கிடையாது. அதே ஆண்டு தனியாக வெளியான மூன்றாவது ஆண்டு மலரில் இருக்கிறது. 44-ல் அணித் தோழர்கள் எதிரியின் பிடியில் இருக்கிறார்கள். பேட்மேனின் துணைவனான ராபின் வேடத்தைத் துறந்த டிக் கிரேசன், நைட்விங் என்ற புதுப் பெயரோடு அப்போதுதான் அவர்களை மீட்கவே கிளம்புகிறான். அந்த இடத்தில் கதையை நிறுத்தி, முழுக் கதை என்று விற்பது அறியாமையாகவும் இருக்கலாம், சாமர்த்தியமாகவும் இருக்கலாம். வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

விற்றது கடை என்பதால் உங்கள் பக்கம் சட்டம் வலுவாக இருக்கிறது. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இணையத்தில் வாங்கிய பொருள் என்பதால், கையில் கிடைத்த 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமலும் ரத்து செய்யலாம். விளம்பரப் பக்கத்தை மாற்றிவிடுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஆண்டு மலரை இலவசமாக அனுப்புகிறேன் என்றால் நான் ஒப்புக்கொள்வேன். கதை உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

கேள்வி: 'நியூ டீன் டைட்டன்ஸ் 42' என்று கேட்டு வாங்கினேன். டெர்ராவையே காணோம்! ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். குழப்பம் பதிப்பாளர் செய்தது. 1980-ல் தொடங்கிய முதல் தொடர் 41-ம் இதழிலிருந்து 'டேல்ஸ் ஆஃப் த டீன் டைட்டன்ஸ்' என்று பெயர் மாறியது. எண் வரிசை மட்டும் தொடர்ந்தது. பழைய பெயரிலேயே, உயர்ந்த தாளில், 1984-ல் இன்னொரு தொடர் ஒன்றாம் எண்ணிலிருந்து புறப்பட்டது. அதன் 42-ம் இதழ் வந்தது 1988-ல். ஆகவே எண்ணை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே 'டேல்ஸ்' என்றும் 1984 என்றும் இருக்க வேண்டும்.

கேள்வி: படிப்பதற்கு மட்டும்தான் வேண்டும். எதை வாங்குவது?

பதில்: தொகுப்பு நூலை வாங்குங்கள். 1988-ல் வந்த தொகுப்பில் 39 முதல் 44 வரையிலான இதழ்களும் ஆண்டு மலரும் சேர்ந்திருக்கின்றன. பின்னாளில் வேறு பதிப்புகளும் வந்திருப்பதால், எதை எடுத்தாலும் உள்ளடக்கத்தில் ஆண்டு மலர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 40, 41 இரண்டும் பிரதர் பிளட் என்ற வேறொரு வில்லனின் கதை, எனக்கு அலுப்பூட்டின.

தொகுப்பின் உண்மையான குறை வேறு. டெர்ரா முதலில் தோன்றியது 26-ம் இதழில், 1982 இறுதியில். அவள் யாருடைய ஆள் என்பது 34-ல் வாசகருக்குத் தெரிந்துவிடும், அணிக்குத் தெரியாது. அன்றைய வாசகர்கள் மாதக்கணக்கில் அந்த ரகசியத்தைச் சுமந்துகொண்டு, அவள் மேல் அணித் தோழன் கார்ஃபீல்ட் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 42-ல் அவள் கண்ணில் அணிந்த லென்ஸுக்குள் கேமரா இருக்கிறது. தோழர்களின் அன்றாட வாழ்க்கையையே படமெடுத்துத் தள்ளுகிறாள். முந்தைய இதழ்களைப் படித்தவருக்குத்தான் அந்தப் பக்கங்கள் வயிற்றைக் கலக்கும். கையில் பணம் இருந்தால் 26 முதல் 34 வரை உள்ள இதழ்களையும் தேடுங்கள். கசங்கிய பிரதிகள் போதும். நடுத்தாள் ஸ்டேப்பிள் பின்னிலிருந்து கழன்றிருக்கிறதா, கூப்பன் வெட்டிய பக்கம் ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 44-ம் இதழ், காமிக்ஸுக்குத் தரமதிப்பு தரும் சிஜிசி நிறுவனம் பத்துக்கு 9.8 கொடுத்தது, பிளாஸ்டிக் பெட்டியில் முத்திரையிட்டது. முதலீடாக வாங்கலாமா?

பதில்: நான் வாங்கமாட்டேன். 75 சென்ட்டுக்கு விற்ற இதழ் அது. டிசியின் மிகப் பிரபலமான தொடராக இருந்த காலத்தில் வந்தது. ரசிகர்கள் வாங்கியதுமே உறையில் போட்டுப் பாதுகாத்தார்கள். நைட்விங் முதன்முதலில் தோன்றும் இதழ் என்பதால் கிராக்கி இருக்கிறது, பஞ்சம் இல்லை. 9.8-க்கும் 9.4-க்கும் உள்ள வித்தியாசம் முதுகில் ஒரு சிறு மடிப்பாக இருக்கலாம். விலையோ எங்கேயோ போய்விடும். ஆசை விடவில்லையென்றால், லேபிளில் உள்ள சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபாருங்கள்.

கேள்வி: ஜார்ஜ் பெரெஸ் கையெழுத்திட்ட பிரதி மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: அவர் 2022 மே மாதம் காலமானார்; இனி யாரும் அவரிடம் போய்க் கேட்க முடியாது. கையெழுத்துப் போடும்போது நேரில் சாட்சி இருந்ததைக் காட்டும் சிஜிசியின் மஞ்சள் லேபிள் இருந்தால் யோசிக்கலாம். விற்பவரே அச்சடித்த 'உண்மைச் சான்று' வெறும் காகிதம்.

கேள்வி: டீன் டைட்டன்ஸ் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த என் மகளுக்கு 11 வயது. பிறந்தநாளுக்கு இதை வாங்கித் தரலாமா?

பதில்: இப்போது வேண்டாம். 2004-ல் அந்தக் கார்ட்டூனில் வந்த டெர்ரா இரக்கத்துக்குரியவள். புத்தகத்து டெர்ரா சிகரெட் பிடிப்பாள், வெறுப்பைக் கக்குவாள். அவளுக்கு வயது பதினைந்து, பதினாறுதான். டெத்ஸ்ட்ரோக்கோ வளர்ந்த பிள்ளைகளின் தந்தை. அவர்களுக்கிடையே இருக்கும் உறவு எப்படிப்பட்டது என்பதைப் படங்கள் மறைக்கவில்லை. இன்றைய கண்ணுக்கு அது உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். மகளுக்குப் பதினைந்து வயதாகும்போது கொடுங்கள். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். பிறந்தநாளுக்கு 1980 தொடரின் முதல் தொகுப்பு போதும்.