புது ரிலே வால்வும் கசிகிறது, யாரைக் கேட்பது?

கேள்வி: ஒரே ஒரு லாரி வைத்து நானே ஓட்டிப் பிழைக்கிறேன். பின் அச்சுக்கு அருகில், பின் சக்கர பிரேக்குகளுக்குக் காற்றை அனுப்பும் ரிலே வால்வில் காற்று கசிந்ததால், 'கம்பெனி சாமான்' என்று கடைக்காரர் கொடுத்த புது வால்வை மாற்றினேன். மூன்றே மாதத்தில் மறுபடியும் கசிவு. மெக்கானிக் சரியாகப் பொருத்தவில்லை என்கிறார் கடைக்காரர். தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்கே போட முடியாது என்றும் சொல்கிறார். உண்மையா? (வாசகர், சங்ககிரி)

பதில்: வழக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன், பழுது அந்த வால்வில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காற்று முழுதாக ஏறியதும் என்ஜினை அணைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்த நிலையில் வால்வின் கழிவுத் துளையில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். நுரை குமிழியிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டவுடன் அது நின்றுவிட்டால், பெரும்பாலும் குற்றம் வால்வினுடையதன்று. காற்று இல்லாதபோது ஸ்பிரிங்கின் விசையால் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் உள் சீல் பழுதாகி, பார்க்கிங் பகுதியின் காற்று மிதிபிரேக் பகுதிக்குள் புகுந்து, ஓஸ் வழியே திரும்பி வந்து ரிலே வால்வின் துளையில் வெளியேறுகிறது. இது தெரியாமல் நல்ல வால்வைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. (அந்தச் சேம்பரை நீங்களாகப் பிரிக்க வேண்டாம், உள்ளே அழுத்தப்பட்டிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.) ஹேண்ட் பிரேக்கைப் போட்ட பிறகும் கசிவு தொடர்ந்தால் வால்வின் உட்சீலைச் சந்தேகிக்கலாம்.

அப்போதும் உடனே கடைக்காரரைக் குறை சொல்லிவிட முடியாது. காற்று டேங்கின் டிரெய்ன் வால்வைத் திறந்து பாருங்கள். எண்ணெய் கலந்த கலங்கல் நீர் வந்தால், காற்றின் ஈரத்தை நீக்கும் ஏர் டிரையரின் ஃபில்டர் ஆயுள் முடிந்திருக்கும் அல்லது கம்பிரசர் எண்ணெய் தள்ளும். அந்தக் கசடு எந்தக் கம்பெனியின் ரப்பரையும் சீக்கிரம் கெடுத்துவிடும். டேங்கில் வருவது உலர்ந்த காற்றாக இருந்து, மூன்று மாதத்தில் வால்வு கெட்டிருந்தால், பொருளின் தரத்தைக் கேள்வி கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

பெட்டியிலுள்ள பெயரை மட்டும் வைத்து அசலா போலியா என்று முடிவு செய்ய வேண்டாம். பிரேக் வால்வுகள் தயாரிக்கும் வாப்கோ நிறுவனத்தை ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் 2020இல் வாங்கிவிட்டதால், இரு பெயர்களிலும் பெட்டிகளைக் காணலாம். வால்வின் உடலிலுள்ள பாக எண், பெட்டியிலுள்ள எண், உங்கள் வண்டிக்கான பாகப் பட்டியலிலுள்ள எண் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும், அந்த எண்ணைப் பில்லிலேயே எழுதச் சொல்வதும்தான் பயன் தரும்.

சட்டத்தைப் பற்றிக் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குவதை விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கமாகாது என்று விளக்கமும் தருகிறது. முந்தைய சட்டத்தின் கீழ் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்குபவர் நுகர்வோரே என்று உதாரணம் காட்டியே சொல்லியிருக்கிறது. பல வண்டிகளை ஆள் வைத்து ஓட்டுபவருக்கு இந்த வாதம் எளிதில் நிற்காது; உங்களுக்கு நிற்கும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பில்லையும் கழற்றிய வால்வையும் பத்திரமாக வையுங்கள். வால்வை யாரும் பிரித்துப் பார்க்க விடாதீர்கள். பிரித்துவிட்டால், கெடுத்தது நீங்கள்தான் என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

கேள்வி: முழு வால்வுக்குப் பதில், உள் ரப்பர் சீல்கள் அடங்கிய ரிப்பேர் கிட் போட்டால் போதாதா? (வாசகர், நாமக்கல்)

பதில்: ரிலே வால்வில் பிஸ்டன் ஓடும் உட்சுவர் கீறாமலும் அரிக்காமலும் இருந்தால் கிட்டே போதும். டூயல் பிரேக் வால்வு (மிதிபிரேக்கை அழுத்தும்போது இயங்குவது), சிஸ்டம் புரொடெக்‌ஷன் வால்வு (ஒரு பகுதியில் கசிந்தாலும் மற்றப் பகுதிகளின் காற்றைக் காப்பது) ஆகியவற்றில் மட்டும், கிட் மாற்றிய பின் அழுத்த அளவுகளைச் சோதனை மேடையில் சரிபார்க்கும் வசதியுள்ள சர்வீஸ் மையத்துக்குத்தான் போக வேண்டும்.