எல்க் வேட்டைக்கு எந்தக் காலிபர்? 700 கெஜம் கேட்பவருக்கு ஒரு பதில்

கேள்வி: டென்வர் பக்கம் குடியிருக்கிறேன். மூன்று வருடமாக 6.5 கிரீட்மோர் ரைஃபிள் வைத்திருக்கிறேன். இரண்டு மான் அடித்திருக்கிறேன், இரண்டும் 200 கெஜத்துக்குள். இந்த அக்டோபரில் பெண் எல்க்குக்கு (இங்கத்திய பெரிய மான்) டேக், அதாவது வேட்டை அனுமதிச் சீட்டு, கிடைத்திருக்கிறது. "600, 700 கெஜத்தில் சுட வேண்டி வரும், 6.5 போதாது, .300 வின் மேக் அல்லது புதிய 7 எம்.எம். பி.ஆர்.சி. வாங்கு" என்கிறார்கள் கூட வருபவர்கள். எதை வாங்கட்டும்?

பதில்: வாங்கியே தீருவது என்றால் 7 எம்.எம். பி.ஆர்.சி. வாங்குங்கள். வாங்காமல் கையிலிருக்கும் 6.5-ஐயே எடுத்துப் போனாலும் எல்க் விழும், 300 கெஜத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த 700. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். காலிபர் என்பது குண்டின் குறுக்களவு, அவ்வளவுதான். .308 வின்செஸ்டர், .30-06, .300 வின் மேக் மூன்றும் ஒரே 0.308 அங்குலக் குண்டைத்தான் சுடுகின்றன. வித்தியாசம் பின்னால் இருக்கும் பித்தளை உறையில் இருக்கிறது: எவ்வளவு வெடிமருந்து கொள்ளும், எவ்வளவு வேகம் கொடுக்கும் என்பதில். .30-06-இல் வரும் 06 அளவே கிடையாது, 1906 என்ற வருடம். ஆகவே கடையில் நாம் தேர்ந்தெடுப்பது காலிபரை என்பதைவிடத் தோட்டாவை என்பதே சரி.

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். பெண் 200, 250 கிலோ இருக்கும். எலும்பு தடிப்பு, தோல் தடிப்பு, உயிரைப் பிடித்துக்கொள்ளும் பிடிவாதமும் அதிகம். இதை வைத்துத்தான் "இலக்கைத் தொடும்போது குண்டில் 1500 அடி-பவுண்ட் ஆற்றலாவது மிச்சம் இருக்க வேண்டும்" என்று வேட்டைக்காரர்கள் வாய்க்கணக்காகச் சொல்வார்கள். அந்த எண்ணுக்கு அறிவியல் அடிப்படை ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனாலும் தோட்டாக்களை ஒப்பிட ஒரு அளவுகோலாக உதவும். 6.5 கிரீட்மோரில் 143 கிரெய்ன் (குண்டின் எடைக்கான அலகு) குண்டு அந்த 1500-க்கு இறங்குவது சுமார் 380 கெஜத்தில். .30-06-இல் 178 கிரெய்ன் 500 கெஜம் வரை தாங்கும். 7 எம்.எம். பி.ஆர்.சி.யில் 175 கிரெய்ன், .300 வின் மேக்கில் 200 கிரெய்ன், இரண்டும் 500 கெஜத்தில் 2000 அடி-பவுண்டை ஒட்டி நிற்கும். இதெல்லாம் கடல்மட்டக் கணக்கு. நீங்கள் போகப்போவது 8000, 9000 அடி உயரம். அங்கே காற்று இருபது சதவீதத்துக்கு மேல் மெலிசு. குண்டு வேகத்தை இன்னும் கொஞ்ச தூரம் தக்கவைத்துக்கொள்ளும், எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய நூறு கெஜம் கூடுதலாகக் கிடைக்கும்.

எல்க்கைக் கொல்வது ஆற்றல் இல்லை, நுரையீரலில் விழும் ஓட்டை. குண்டு உள்ளே போய் விரிய வேண்டும், விரிய வேகம் வேண்டும். ஈயம் உள்ளே வைத்த பெரும்பாலான வேட்டைக் குண்டுகளுக்கு நொடிக்கு 1800 அடி, முழுச் செம்புக் குண்டுகளுக்கு 2000 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் பென்சில் செருகினாற்போல் ஒரு துளை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். மான் ஓடிப்போய் எங்கோ புதரில் சாகும், உங்களுக்குக் கிடைக்காது. நீங்கள் வாங்கும் குண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தைத் தயாரிப்பாளர்கள் வெளியிடுகிறார்கள். அதைப் பாருங்கள். ஸ்வீடன்காரர்கள் எல்க்கைவிடப் பெரிய மூஸ் மானை நூறு வருடத்துக்கும் மேலாக 6.5×55 என்ற, உங்கள் கிரீட்மோரோடு கிட்டத்தட்ட சமமான தோட்டாவால் சுட்டுவருகிறார்கள். தூரத்தை மட்டும் அவர்கள் அளவோடு வைத்துக்கொள்கிறார்கள்.

சரி, பெரிய தோட்டா வாங்கினால் 700 கெஜம் கைக்குள் வந்துவிடுமா? இங்கேதான் உங்கள் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

எல்க்கின் நெஞ்சுக்கூட்டில், குண்டு பட்டால் உயிர் போகும் வட்டம் ஏறக்குறைய 15 அங்குலம். நடுவில் குறிவைத்தால் இரு பக்கமும் ஏழரை அங்குலம்தான் உங்களுக்கு இடம். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 500 கெஜத்தில் இந்தக் குண்டுகளைத் தோராயமாக 12 முதல் 17 அங்குலம் தள்ளும். 700 கெஜத்தில் இரண்டடியிலிருந்து மூன்றடி வரை. இப்போது கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். காற்றை நீங்கள் 5 மைல் தப்பாக மதிப்பிட்டால் 500 கெஜத்தில் வட்டத்தின் விளிம்பில் நிற்பீர்கள். 700-இல் வயிற்றிலோ வெறும் காற்றிலோதான் குண்டு போகும். 6.5-க்கும் 7 எம்.எம். பி.ஆர்.சி.க்கும் உள்ள வித்தியாசம் 500 கெஜத்தில் மூன்று நாலு அங்குலம். காற்றைப் படிப்பதில் பழக்கப்பட்டவருக்கும் புதியவருக்கும் உள்ள வித்தியாசம் அதைப்போல இரண்டு மடங்கு.

தூரம், குண்டின் வீழ்ச்சி எல்லாம் இன்று எளிது. லேசர் கருவி தூரத்தைச் சொல்லிவிடும், செல்போன் கணக்குப் போட்டுவிடும். காற்றை மட்டும் எந்தக் கருவியும் முழுசாகச் சொல்லாது. கையிலிருக்கும் காற்றுமானி நீங்கள் நிற்கும் இடத்தைத்தான் அளக்கிறது. நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

கொலராடோவின் வடமேற்கே ஃப்ளாட் டாப்ஸ் மலையில் ஒரு அக்டோபர் காலை. 420 கெஜம், லேசர் காட்டியது. பெண் எல்க் பக்கவாட்டில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. நான் குப்புறப் படுத்து, பையின் மேல் ரைஃபிளை வைத்து, எல்லாம் தயார். என் முகத்துக்கு முன்னால் இருந்த காய்ந்த புல் அசையவே இல்லை. காற்றுமானியில் இரண்டு மைல்கூடக் காட்டவில்லை. ஸ்கோப்பைக் கொஞ்சம் உயர்த்தி எதிர்ச்சரிவைப் பார்த்தேன். ஆஸ்பன் மரங்களில் மிச்சமிருந்த மஞ்சள் இலைகள் இடமிருந்து வலமாகப் படபடத்துக்கொண்டிருந்தன. நடுவே ஓடைப் பக்கம் பனிமூட்டம் நேரெதிராக, வலமிருந்து இடமாக நகர்ந்தது. மூன்று இடம், மூன்று காற்று. அன்று என் கையில் இருந்ததும் பெரிய மேக்னம் (அதிக வெடிமருந்து கொள்ளும் தோட்டா) ரைஃபிள்தான், அந்தக் குழப்பத்துக்கு அது என்ன செய்யும்? போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஓடைக்கரை மறைவில் இறங்கி நடந்தேன். நாற்பது நிமிடம். 210 கெஜத்தில் ஒரே குண்டு. எழுபது எட்டுக்கூட ஓடவில்லை.

இன்னொன்று, குண்டு போய்ச் சேரும் நேரம். 700 கெஜத்துக்கு ஒரு விநாடியை நெருங்கும். மேய்கிற எல்க் அதற்குள் ஒரு அடி எடுத்துவைத்தால், நுரையீரலுக்குக் குறிவைத்த குண்டு குடலில் விழும். நீங்கள் எவ்வளவு நன்றாகச் சுட்டீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேட்டை நெறிகளுக்குப் பேர்போன பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் நெடுந்தூரச் சூட்டை ஏற்பதில்லை. விலங்குக்குத் தன் புலன்களால் ஆபத்தை உணரும் வாய்ப்பே இல்லாமல் போகிறது என்பது அவர்கள் வாதம். நான் அவ்வளவு கறார் இல்லை. ஆனால் இரண்டு மான் அடித்த அனுபவத்தோடு 700 கெஜம் என்பதற்கு நானும் தலையாட்ட மாட்டேன்.

உங்கள் எல்லையை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 9 அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை மாட்டுங்கள். பெஞ்சில் உட்காராதீர்கள். பையின் மேல், முட்டிபோட்டு, சரிவில் சாய்ந்து, மலையில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி. ஐம்பது எட்டு ஓடிவந்து, மூச்சு வாங்கும்போதே ஒரு குண்டு. ஒன்றே ஒன்று. அடுத்த வாரம் இன்னொன்று. எந்தத் தூரத்தில் ஐந்துக்கு ஐந்து முதல் குண்டும் தட்டில் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. பலருக்கு இது 300-ஐத் தாண்டாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது உதை. நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான ரைஃபிளில் 6.5 கிரீட்மோர் தோளுக்குக் கொடுக்கும் உதை சுமார் 13 அடி-பவுண்ட். .30-06 என்றால் 21, 7 எம்.எம். பி.ஆர்.சி. 26, .300 வின் மேக் 31 வரும். எண்ணாகப் பார்த்தால் புரியாது. நான் முதலில் வாங்கியது .300 வின் மேக்தான், உங்களைப் போலவே நாலு பேர் சொல்லி. ரேஞ்சில் எவ்வளவு முயன்றும் குண்டுகள் வலப்பக்கம் கீழே சிதறிக்கொண்டே இருந்தன. ஸ்கோப்பைக் குறை சொன்னேன், தோட்டாவை மாற்றினேன். கூட இருந்த பெரியவர் ஒருவர் ரைஃபிளை வாங்கி, எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத போலித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். விசையை இழுத்தேன். "க்ளிக்." வெடிக்கவே இல்லை, ஆனால் குழலின் நுனி ஒரு முழம் கீழே குனிந்து எழுந்தது. கண்ணை வேறு இறுக மூடியிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொன்று போட்டுக் கொடுத்தார். அந்தப் பழக்கம் போக எனக்கு ஒரு வருடம் ஆனது.

அதனால்தான் இரண்டில் 7 எம்.எம். பி.ஆர்.சி.யைச் சொன்னேன். 500 கெஜத்தில் .300-க்கு இணையான வேலை, காற்றில் அதைவிடச் சற்றுக் குறைந்த விலகல், ஐந்து அடி-பவுண்ட் குறைந்த உதை. 2022-இல் வந்த தோட்டா என்பதால் நீளமான கனத்த குண்டுகளுக்கென்றே குழலின் முறுக்கை (குண்டைச் சுழலவைக்கும் உள்பள்ளங்களின் திருகு) வடிவமைத்திருக்கிறார்கள், எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1962-இல் வந்த 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னமும் நல்ல தோட்டாதான், ஆனால் பழைய ரைஃபிள்களில் முறுக்கு மெதுவாக இருப்பதால் 175, 180 கிரெய்ன் நெட்டைக் குண்டுகள் நிலையாகப் போகாமல் தடுமாறலாம். .300 வின் மேக்கின் பலம் வேறு: 1963 முதல் இருப்பதால் மலையடிவாரச் சின்னஞ்சிறு ஊர்க் கடையிலும் ஒரு பெட்டி கிடைக்கும். விமானத்தில் வந்த தோட்டா தொலைந்துபோனவர்களுக்கு இதன் அருமை தெரியும். உங்களுக்கு டென்வரிலிருந்து காரில் போகும் தூரம்தான், அந்தக் கவலை வேண்டாம்.

குண்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தூரத்தில் விரிவதற்கென்றே மென்மையாகச் செய்த குண்டுகள், அறுபது கெஜத்தில் முழு வேகத்தோடு தோள் எலும்பில் பட்டால் உள்ளே போகாமல் சிதறிவிடக்கூடும். எல்க் வேட்டையில் இது அடிக்கடி நடக்கும் நிலைமை. திறந்தவெளியை நினைத்துப் புறப்படுவோம், மான் இருட்டுக் காட்டுக்குள் அறுபது கெஜத்தில் எதிரே வந்து நிற்கும். ஈயமும் உறையும் ஒட்டிப் பிணைத்த குண்டு, நாஸ்லர் அக்யுபாண்ட் மாதிரி, இரண்டுக்கும் நடுவே நல்ல சமரசம். உங்கள் 6.5-ஐ எடுத்துப் போவதானால் இதையே வாங்குங்கள். தோள் எலும்பை விட்டுவிட்டு அதற்குச் சற்றுப் பின்னால், நுரையீரலில் சுடுங்கள்.

சட்டத்தில் பிரச்சினை இல்லை. கொலராடோவில் எல்க்குக்கு 6 எம்.எம். விட்டமும் 85 கிரெய்ன் எடையும் உள்ள விரியும் குண்டு, 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்ட் இருந்தால் போதும். நீங்கள் கேட்ட எல்லாமே அதை எளிதாகத் தாண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடைபோடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. உங்கள் நிலை என்ன என்று எழுதவில்லை, அதனால் சொன்னேன்.

புது ரைஃபிள் வாங்கினால் ஜூலைக்குள் வாங்கிவிடுங்கள். ஒரே லாட் எண் (ஒரே தயாரிப்புத் தொகுதி) உள்ள தோட்டாவாக 200 வாங்குங்கள், ஒரு லாட்டுக்கும் இன்னொன்றுக்கும் வேகம் மாறும். பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்பாமல் உங்கள் குழலில் அளந்து பாருங்கள். டென்வரில் சரிபார்த்த வீழ்ச்சிக் கணக்கை, வேட்டைக்கு முந்தைய நாள் முகாம் உயரத்தில், சுட அனுமதியுள்ள இடமாகப் பார்த்து 300 கெஜத்தில் ஒரு முறை சுட்டுப் பாருங்கள். கூட வரும் நண்பர்களையும் அதே தட்டில் ஆளுக்கு ஒரு குண்டு சுடச் சொல்லுங்கள். 700 கெஜப் பேச்சு அதற்கப்புறம் எவ்வளவு தூரம் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.