வட கொரியாவுல கிம் வம்சம் வராம போயிருந்தா? கேள்வி பதில்

அப்பா கிம் இல் சுங், பையன் கிம் ஜோங் இல், பேரன் கிம் ஜோங் உன்னு மூணு தலைமுறையா வட கொரியாவுல ஒரே குடும்பம் ஆளுதே, இது வேற மாதிரி போயிருக்க முடியுமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, வந்த வரிசையில சொல்றேன்.

செந்தில்: அண்ணே, கிம் இல் சுங் ஆரம்பத்துலேர்ந்தே பையனுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டாரா?

அப்படித் தெரியல தம்பி. 1970ல அங்க வந்த அரசியல் அகராதியில வாரிசு ஆட்சின்னா சுரண்டல் சமுதாயத்தோட பிற்போக்கு வழக்கம்னுதான் போட்டிருந்தாங்க, 1972 பதிப்புல அந்தப் பதிவையே காணோம்! நடுவுல 1971ல, மாவோவோட வாரிசுன்னு கட்சி சாசனத்துலயே எழுதி வச்சிருந்த லின் பியாவ் விமானத்துல தப்பி ஓடி மங்கோலியாவுல விழுந்து செத்தார். அதுக்கு முன்னாடி 1956ல சோவியத் தலைவர் குருஷேவ், செத்துப்போன ஸ்டாலினைக் கிழிச்சுத் தொங்கவிட்டதையும் பார்த்த ஆளு கிம். வெளி ஆளை உக்கார வச்சா நாளைக்கு நம்ம சிலையையும் உடைப்பான்ங்கிற பயம்தான் வேர், சித்தாந்தமெல்லாம் அப்புறம் ஒட்டுனது.

திவ்யா: தடம் மாறணும்னா நீங்க எந்த வருஷத்துல கை வைப்பீங்க?

1956, யோசிக்கவே மாட்டேன். அந்த வருஷம் ஜூன், ஜூலையில கிம் உதவி கேட்டு சோவியத், கிழக்கு ஐரோப்பான்னு சுத்திட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து சோவியத்லேர்ந்து வந்த கொரியர் கோஷ்டியும், சீனாவுல மாவோகூட இருந்துட்டு வந்த யேனான் கோஷ்டியும் அவரை மடக்கப் பிளான் போட்டாங்க, சோவியத் தூதரகத்துக்கும் போய் சொல்லிட்டாங்க. தகவல் தெரிஞ்ச கிம் மத்தியக் குழு கூட்டத்தை ஆகஸ்ட் கடைசிக்கு தள்ளிப்போட்டு, அதுக்குள்ள ஆளுங்களைத் தன் பக்கம் இழுத்துட்டார். கூட்டத்துல யுன் கோங் ஹும்னு ஒரு அமைச்சர் எழுந்து தனிநபர் வழிபாட்டைப் பத்தி பேச ஆரம்பிச்சா, கத்தியே உக்கார வச்சுட்டாங்க. அவரும் இன்னும் சில பேரும் சீன எல்லையைத் தாண்டி ஓடிட்டாங்க.

இதுக்கப்புறம்தான் நான் சொல்ற இடம். செப்டம்பர்ல மாஸ்கோ தன்னோட மூத்த தலைவர் மிகோயானை அனுப்புது, பெய்ஜிங் பெங் டெஹுவாயை அனுப்புது. பெங் யாரு? கொரியப் போர்ல சீனப் படையை நடத்துனவர், அந்தப் படை 1958 வரைக்கும் கொரிய மண்ணுலதான் இருந்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து, கட்சியிலேர்ந்து நீக்குனவங்களைத் திரும்ப எடுன்னு கிம்மைப் பணிய வச்சாங்க. அவரும் தலையாட்டிட்டு, ரெண்டு பேரும் ஊர் போய்ச் சேர்ந்ததும் பழையபடி வேட்டையை ஆரம்பிச்சுட்டார். அக்டோபர்ல ஹங்கேரியில சோவியத்துக்கு எதிரா கிளர்ச்சி பத்திக்கிட்டதும் மாஸ்கோவுக்கு இந்தப் பக்கம் திரும்ப நேரமில்ல. அன்னைக்கு அவங்க இன்னும் ஒரு படி மேல போயி கிம்மை கட்சித் தலைவரா இல்லாம வெறும் பிரதமரா மட்டும் விட்டிருந்தாலே போதும்னு எனக்குத் தோணுது.

ரஃபீக்: மாவோ பையன் உயிரோட இருந்திருந்தா சீனாவும் இதே மாதிரி ஆகியிருக்குமா?

மாவோ அன்யிங் 1950 நவம்பர்ல கொரியாவுலதான் குண்டுவீச்சுல செத்தார். இருந்திருந்தாலும் கஷ்டம் பாய். சௌ என்லாய், டெங் மாதிரி சொந்தமா பேரும் ஆள்பலமும் உள்ள பழைய தலைகள் அங்க நிறைய. பியோங்யாங்ல 1967ல கட்சிக்குள்ள மிஞ்சியிருந்த காப்சான் கோஷ்டியையும் முடிச்சப்புறம் அப்படி யாருமே மிஞ்சல.

செந்தில்: பையனுக்குப் பதிலா கிம் இல் சுங்கோட தம்பி கிம் யோங் ஜுவுக்கு போயிருந்தா?

அதுவும் குடும்பம்தானேப்பா! ஆனா கியூபாவைப் பாருங்க, அண்ணன் ஃபிடல் காஸ்ட்ரோகிட்டேர்ந்து தம்பி ராவுலுக்கு போயி, 2018ல அதிபர் பதவி வெளி ஆள் தியாஸ் கனேல்கிட்ட வந்துச்சு. யோங் ஜு 1972ல தெற்கோட கூட்டறிக்கையில கையெழுத்துப் போட்ட அளவுக்குப் பெரிய ஆளு, அண்ணன் பையன்கிட்ட தோத்து கொஞ்ச வருஷத்துல காணாமலே போயிட்டார், 1993லதான் மறுபடி வெளிய வந்தார்.

மீனா: வேற ஆள் வந்திருந்தா 90கள்ல அந்தப் பஞ்சம் வந்திருக்காதா சார்?

சோவியத் உதவி எப்படியும் நின்னிருக்கும், அடி விழுந்திருக்கும். ஆனா வியட்நாம்ல கட்சித் தலைவர் லே துவான் 1986 ஜூலையில செத்தார், டிசம்பர் காங்கிரஸ்ல கட்சியே நாம தப்பு பண்ணிட்டோம்னு சொல்லி டோய் மோய்ங்கிற பொருளாதார சீர்திருத்தத்தை ஆரம்பிச்சுது, 1989ல அரிசி ஏற்றுமதி. பட்டம் அப்பாகிட்டேர்ந்து வந்த பையன் அப்பா தப்புன்னு எப்படிங்க சொல்லுவான்?

திவ்யா: அப்போ இன்னைக்கு அது ஜனநாயக நாடா இருந்திருக்குமா?

என் கணக்குல 1989 வரைக்கும் பல்கேரியா மாதிரி சலிப்பான ஒரு கட்சி ஆட்சிதான், சிறையும் இருக்கும், சென்சாரும் இருக்கும். அப்புறம் பல்கேரியத் தலைவர் ஜிவ்கோவை இறக்குன மாதிரி கட்சிக்காரங்களே தலைவரை இறக்கியிருப்பாங்க. ஆனா பல்கேரியாவுக்குப் பக்கத்துல பணக்கார பல்கேரியான்னு ஒண்ணு கிடையாது, கிழக்கு ஜெர்மனிக்கு மேற்கு ஜெர்மனி இருந்துச்சு, 1990ல நாடே கரைஞ்சுபோச்சு. அதனால நான் கற்பனை பண்ற அந்த பியோங்யாங் இன்னைக்கு சியோலுக்கு வடக்க இருக்கிற இன்னொரு கொரிய ஊராத்தான் இருக்கும், அதுக்கான செலவை நினைச்சு தெற்குல இன்னும் புலம்பிட்டிருப்பாங்க.