நிறுத்து என்று சொல்லும் ஆள்

அன்புள்ள அக்கா,

நான் கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்து முடித்துவிட்டு, இப்போது ரவுனில் ஒரு ஸ்ரூடியோவில் கலியாணவீடு, சாமத்தியவீடு வீடியோக்களை எடிட் செய்கிறேன். ரியாலிட்டி ஷோ, டோக் ஷோ தயாரிப்பாளராக வரவேண்டும் என்பது என் ஆசை. அப்பா, "தயாரிப்பாளராக வர எங்களிட்டக் காசு எங்க கிடக்கு?" என்கிறார். பட்டதாரி நியமனத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார். அம்மம்மா ஞாயிறு தவறாமல் நீயா நானா பார்ப்பவர். அவரே, "ஆக்களை அழப்பண்ணி உழைக்கிற வேலை உனக்கு வேண்டாம் பிள்ளை" என்கிறார். உண்மையில் அதுதானா வேலை? தயாரிப்பாளர் நாள் முழுக்க என்ன செய்கிறார்? யாழ்ப்பாணத்தில் இருந்தபடி இந்தத் துறைக்குள் போகலாமா, இல்லை சென்னைக்குத்தான் போகவேண்டுமா?

த., கோண்டாவில்

*

அன்புள்ள த.,

உங்கள் அம்மம்மா கேட்டதைத்தான் முதலில் எடுக்கிறேன். அதைவிட முக்கியமான கேள்வி இந்தத் துறையில் இல்லை.

அழவைப்பது மிகச் சுலபம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னாலே போதும். அதற்குத் தயாரிப்பாளர் தேவையில்லை, கையில் போன் இருந்தால் யாரும் செய்யலாம். செய்துகொண்டும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் காசில் ஒரு குடும்பத்துக்கு உதவி செய்து, அதை யூரியூப்பில் போடும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தகரக் கொட்டில். கமெரா நேரே அடுப்படிக்குள் போகிறது. பானையின் மூடியைத் திறந்து காட்டுகிறார்கள். சீருடையோடு நிற்கும் பிள்ளையிடம் ஒரு அண்ணா, "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்கிறார். பிள்ளை தாயைப் பார்க்கிறது. தாய் நிலத்தைப் பார்க்கிறார். சீருடையில் பள்ளிக்கூடத்தின் சின்னம் தெளிவாகத் தெரிகிறது. பின்னால் சோக இசை ஓடுகிறது.

அடுத்த நாள் அந்தப் பிள்ளை வகுப்பில் போய் இருக்கும்போது என்ன நடக்கும்? அங்கே நின்ற ஒருவருக்கும் அந்த யோசனை வரவில்லை. அரிசி மூட்டை உண்மை. வாங்கிக் கொடுத்த பெடியனின் மனமும் நல்ல மனமாகவே இருக்கலாம். "இதை எடுக்காதே, நிறுத்து" என்று சொல்லும் பொறுப்பும் அதிகாரமும் உள்ள ஆள்தான் அங்கே இல்லை. அந்த ஆளைத்தான் நான் தயாரிப்பாளர் என்கிறேன். நீங்கள் இந்தத் துறைக்கு வரவேண்டும் என்று நான் மனதார விரும்புவதும் அதனால்தான்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. காசு போடுபவர் சினிமாத் தயாரிப்பாளர். தொலைக்காட்சியில் காசு அலைவரிசையிடம் இருந்தும் விளம்பரதாரரிடம் இருந்தும் வரும். தயாரிப்பாளர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். எந்தத் தலைப்பு, யாரைக் கூப்பிடுவது, யாரை எங்கே இருத்துவது, எத்தனை கமெரா, எவ்வளவு செலவு, எதை வெட்டுவது, எதை விடுவது எல்லாம் அவர் தலையில். நிகழ்ச்சி நன்றாகப் போனால் தொகுப்பாளருக்குக் கைதட்டல். பிழைத்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்லப் போவது தயாரிப்பாளர்.

டோக் ஷோ வேலையில் முக்கால்வாசி ஒளிப்பதிவுக்கு முன்பே முடிந்துவிடும். எங்கள் ஊருக்கு மேடையில் வாதாடுவது புதிதில்லை. கம்பன் கழகம் 1980இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. வீரசிங்கம் மண்டபத்தில் பட்டிமண்டபம் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். ஆனால் பட்டிமண்டபத்தில் பேசுபவர் கற்றவர், மேடை பழகியவர், கம்பனையோ வள்ளுவரையோ பற்றிப் பேசுகிறார். 2006இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய நீயா நானாவில் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் மேடையே ஏறாத சாதாரண சனம். அவர்கள் பேசுவது தங்கள் சொந்த வீட்டைப் பற்றி, மாமியாரைப் பற்றி, பிள்ளையைப் பற்றி. நிகழ்ச்சி முடிந்ததும் அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போகவேண்டும். அதன் தொகுப்பாளர் கோபிநாத் ஒரு கேள்வியைச் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் கேட்கிறார் என்றால், அந்த ஆளைத் தேடிப்பிடித்து, முன்கூட்டியே நேரம் எடுத்துக் கதைத்து, அவரிடம் என்ன கதை இருக்கிறது என்று குறித்துக் கொடுத்த குழு ஒன்று பின்னால் இருக்கிறது.

அந்த முன்கதைப்பைத்தான் முதலில் பழகவேண்டும். கொழும்பில் ஒரு தமிழ் அலைவரிசையில் நான் உதவித் தயாரிப்பாளராக இருந்த காலத்தில், பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்க ஊரில் தனியே வாழும் பெற்றோரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தோம். வடமராட்சியில் இருந்து ஒரு அம்மா வரச் சம்மதித்தார். போனில் கதைக்கும்போது எங்கள் தயாரிப்பாளர் சொல்லித் தந்த கேள்வியைக் கேட்டேன்: "அம்மா, உங்களிட்ட என்ன கேக்கக்கூடாது?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "என்ர மூத்தவனைப் பற்றிக் கேக்காதேங்கோ" என்றார். தொகுப்பாளரின் அட்டையில் அதைச் சிவப்பில் எழுதி வைத்தோம். ஒளிப்பதிவின்போது பேச்சு எப்படியோ அந்தப் பக்கம் திரும்பியது. கட்டுப்பாட்டு அறையில் இருந்து தயாரிப்பாளர் மைக்கில் "அடுத்த கேள்விக்குப் போங்கோ" என்றார். தொகுப்பாளரின் காதில் அது விழுந்தது, பேச்சு மாறியது. பார்த்தவர் ஒருவருக்கும் தெரியாது.

இன்னும் பெரிய சோதனை எடிட்டிங்கில் வந்தது. அந்த அம்மாவின் சேலையில் குத்தியிருந்த சின்ன மைக்கின் வயர் எங்கேயோ கொளுவிக்கொள்ள, அவர் குனிந்து பார்த்திருந்தார். முகம் வாடியதுபோல ஒரு மூன்று விநாடிக் காட்சி. எடிட்டர் கெட்டிக்காரர். "பிள்ளைகள் காசு அனுப்புறவையோ?" என்ற கேள்விக்குப் பிறகு அந்த மூன்று விநாடியை வைத்தார். பார்க்க அவ்வளவு பொருத்தம். பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்று அந்த அம்மா ஒரு சொல்லும் சொல்லாமலே சொன்னதாக ஆகிவிட்டது. உண்மையில் அவர் அந்தக் கேள்விக்கு, "மாதம் தவறாமல் அனுப்புவினம்" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னவர். தயாரிப்பாளர் ஒருமுறை பார்த்தார். "அது வயருக்குப் பார்த்த பார்வை. எடுங்கோ" என்றார். எடிட்டருக்கு மனமில்லை. நிகழ்ச்சியும் அந்த இடத்தில் கொஞ்சம் தட்டையாகத்தான் போனது. இருந்தும் தயாரிப்பாளர் விடவில்லை. இந்தத் தொழிலில் நான் கண்ட மிகப் பெரிய திறமை அது.

ரியாலிட்டி ஷோவில் இந்தப் பொறுப்பு பல மடங்கு. அந்த வகை நிகழ்ச்சிகள் எப்படிப் பெருகின என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். அமெரிக்காவில் எம்.ரி.வி. என்ற அலைவரிசை இளைஞர்களுக்காக ஒரு தொடர் நாடகம் செய்ய நினைத்தது. எழுத்தாளருக்கும் நடிகருக்கும் கொடுக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை. நாடகத் தொடர்கள் தயாரித்து அனுபவப்பட்ட மேரி எல்லிஸ் புனிம் என்ற பெண்மணியும் ஜோனதன் மரேயும் சேர்ந்து, ஒருவரையொருவர் தெரியாத ஏழு பேரை நியூயோர்க்கில் ஒரு வீட்டில் இருத்திப் படம் பிடித்தார்கள். 1992இல் வந்த தி ரியல் வேர்ல்ட் அதுதான். 1999இல் நெதர்லாந்தில் பிக் பிரதர். அந்த வழியில் 2017இல் தமிழில் பிக் பொஸ். எழுத்தாளர் இல்லை என்றுதான் பெயர். ஆனால் பல கமெராக்கள் இரவு பகலாக எடுத்ததை ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுவரும்போது கதை எழுதப்பட்டுவிடுகிறது. எத்தனை மணிக்கு யார் யாரோடு என்ன கதைத்தார் என்று ஷிஃப்ட் போட்டுக் குறித்துக்கொண்டே இருப்பார்கள். இந்த வாரக் கதை யாருடையது என்பதைத் தயாரிப்புக் குழு தீர்மானிக்கும்.

2019இல் கிளிநொச்சியைச் சேர்ந்த, சக்தி ரி.வி.யில் செய்தி வாசித்த லொஸ்லியா பிக் பொஸ் வீட்டுக்குள் இருந்தபோது, பல வருடம் பிரிந்திருந்த தந்தை உள்ளே வந்த காட்சி நினைவிருக்கும். எங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் அதைப் பார்த்து அழுதார்கள்! வெளிநாட்டுக்குப் போன தகப்பன் இல்லாத ஒழுங்கை இங்கே ஏது? அந்தக் கண்ணீர் உண்மைதான். ஆனால் அவர் எந்த நாளில், எந்த நேரத்தில் உள்ளே வரவேண்டும், அப்போது மற்றவர்கள் அசையாமல் நிற்கவேண்டும் என்பதெல்லாம் முன்பே போட்ட திட்டம். உண்மையான உணர்வுக்கு ஒரு கதவைத் திறந்துவிடும் வேலை அது. கதவைத் திறந்துவிடும் தயாரிப்பாளர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்து, உள்ளே இருப்பவருக்கு அது நன்மையாகவும் முடியலாம், வாழ்நாள் காயமாகவும் முடியலாம்.

காயமாக முடிந்த உதாரணமும் உண்டு. இங்கிலாந்தில் 2005இல் இருந்து ஓடிய ஜெரமி கைல் ஷோ குடும்பச் சண்டைகளை ஸ்ரூடியோவுக்குக் கொண்டுவந்து, சனத்துக்கு முன்னால் விசாரித்த நிகழ்ச்சி. 2019 மே மாதம், அதில் கலந்துகொண்ட ஒருவர் ஒளிப்பதிவு முடிந்து கொஞ்ச நாளில் இறந்துபோனார். அதை ஒளிபரப்பிய ஐ.ரி.வி. அந்த நிகழ்ச்சியையே நிறுத்தியது. பங்குபற்றுபவர்களின் நலனைத் தயாரிப்பவர்கள் கவனிக்கவேண்டும் என்ற விதிகளை, அங்கே ஒளிபரப்புகளைக் கண்காணிக்கும் அமைப்பான ஒஃப்கொம் 2021இல் கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய நாட்டில், அவ்வளவு வசதியோடு, அத்தனை வருடம் ஓடிய பிறகு! போரைக் கண்டு வந்த எங்கள் சனத்தின் முன்னால் கமெராவை வைக்கப்போகிறவர் அந்தக் கவனத்தை முதல் நாளே கையில் கொண்டுபோக வேண்டாமா? நிகழ்ச்சி போன மறுநாள் அந்த ஆளுக்குப் போன் எடுத்து, "எப்பிடி இருக்கிறியள், ஆராவது ஏதும் சொன்னவையோ?" என்று கேட்பதையும் வேலையில் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சென்னை. சென்னைக்குப் போட்டியாளராகப் போவது வேறு, வேலைக்குப் போவது வேறு. 2023இல் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் பட்டத்தை வென்றபோது இங்கே எவ்வளவு சந்தோசம்! ஆனால் எங்கள் பிள்ளைகள் அந்த மேடைகளில் பாடும்போது அவர்களின் கதையைத் தொகுத்து ஏ.வி. என்ற அறிமுக வீடியோ போடுபவர்களும் எங்களைத் தெரிந்தவர்களாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் ஒவ்வொரு முறையும் நினைப்பேன். எங்களிடமிருந்து வரும் பிள்ளை என்றால் இடிந்த வீடும் துப்பாக்கிச் சத்தமும்தான் கதை என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். சங்கீத ரீச்சர், கோயில் திருவிழா, தாய் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு திரிந்த வகுப்புகள் எல்லாம் யார் சொல்வது? வேலைக்கென்றால் வேலை விசா வேண்டும், அங்கே ஏற்கெனவே ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அதனால் தொழிலை இங்கே பழகிக்கொண்டு போங்கள். இலங்கையில் இருந்து போய்ச் சாதித்த வரலாறும் உண்டு. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய பாட்டுக்குப் பாட்டு, பிறகு சன் தொலைக்காட்சிக்குப் போய்த் தமிழ்நாடு முழுக்க வீடு வீடாகப் பாடவைத்தது. எல்லாருக்கும் தெரிந்த பாட்டும் கடைசி எழுத்தும் போதுமாக இருந்தது.

கொழும்பில் சக்தி, வசந்தம், ரூபவாகினியின் நேத்ரா இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலேயே டான், ஐ.பி.சி. தமிழ் போன்றவற்றின் வேலைகள் நடக்கின்றன. உள்ளே போனால் முதலில் தேத்தண்ணி வாங்குவது, விருந்தினரைக் கூட்டிவருவது, கையெழுத்து வாங்குவது என்றுதான் இருக்கும். பிறகு ஆய்வு, பிறகு உதவித் தயாரிப்பு. ஒன்றை மட்டும் அப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் வேலை பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான். சீசன் முடிந்தால் சம்பளமும் முடியும். அடுத்தது வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதனால் அப்பா சொல்லும் விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

நீங்கள் இப்போது செய்யும் வேலையைச் சாதாரணமாக எண்ணவேண்டாம். மூன்று கமெராவில் நாள் முழுக்க எடுத்த சாமத்தியவீட்டை மூன்று மணி நேரமாக்குகிறீர்கள். எந்த மாமி எங்கே நின்றார், யாரை விட்டால் யார் கோபிப்பார் என்று பார்த்துப் பார்த்து வைக்கிறீர்கள். சாப்பாட்டுப் பந்தியில் கோபித்துக்கொண்டு எழும்பிப் போன சித்தப்பாவை வெட்டியிருப்பீர்கள். ரியாலிட்டி ஷோ எடிட்டில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் முதலில் தேடுவது அந்தச் சித்தப்பாவைத்தான். அவரை வைக்கலாமா, எவ்வளவு வைக்கலாம், அவர் ஏன் எழும்பினார் என்ற காரணத்தையும் சேர்த்து வைக்கிறோமா என்று அப்போது வாய் திறந்து கேட்கவேண்டும்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் ஊரிலேயே ஒருவரைப் பிடியுங்கள். தோட்டம் செய்பவராக இருக்கலாம், பஸ் நடத்துனராக இருக்கலாம். இரண்டு தரம் கமெரா இல்லாமல் போய்க் கதையுங்கள். மூன்றாம் தரம் எடுங்கள். பத்து நிமிடம், பின்னணி இசை வேண்டாம். வெளியே விடமுன் அவருக்கும் வீட்டாருக்கும் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் எடுக்கச் சொன்னதை எடுத்துவிட்டு, மிச்சத்தில் கதை நிற்கிறதா என்று பாருங்கள். அதை எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் பார்த்து எழுதுவேன். கொழும்பில் யாரிடம் கேட்கலாம் என்பதைத் தனியே அஞ்சலில் சொல்கிறேன். அப்பாவுக்கு இன்னும் யோசனை என்றால் என்னுடைய இலக்கத்தைக் கொடுங்கள், அவரோடு நான் கதைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா