ஸ்கேன் அறிக்கையிலுள்ள கிரேக்கச் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

கேள்வி: என் தாயாரின் வயிற்று ஸ்கேன் அறிக்கையில் ‘ஹெப்படோமெகலி’, ‘கோலிலித்தியாசிஸ்’ என்று உள்ளது. ‘கோலிசிஸ்டெக்டமி’ தேவைப்படலாம் என்கிறார் மருத்துவர். முதுகிலுள்ள கட்டியை ‘லிப்போமா’ என்று குறித்திருக்கிறார்கள். ‘ஓமா’ என்று முடிந்தாலே புற்றுநோய்தான் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். இவற்றை நாமே புரிந்துகொள்ள முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். இந்தச் சொற்கள் பெரும்பாலும் கிரேக்கத் துண்டுகளைக் கோத்துச் செய்யப்பட்டவை. முன்பகுதி உறுப்பைச் சொல்லும். கடைசிப் பகுதி அதற்கு என்ன நேர்ந்தது அல்லது என்ன செய்யப்போகிறார்கள் என்பதைச் சொல்லும். ஆகவே வாலிலிருந்து தலைக்குப் படியுங்கள்.

‘மெகலி’ என்றால் பெரிதாதல், ‘ஹெப்பார்’ கல்லீரல்; கல்லீரல் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். காரணம் என்னவென்று அந்தச் சொல் சொல்வதில்லை. ‘கோலி’ பித்தம், ‘லித்தோஸ்’ கல். எனவே இரண்டாவது சொல் பித்தக்கல். மூன்றாவதில் ‘கிஸ்டிஸ்’ என்ற பை நடுவில் நிற்கிறது, இறுதியில் ‘எக்டமி’ வருகிறது. பித்தப்பையை வெட்டி அகற்றுதல் என்று பொருள். (கொலஸ்டிராலிலும் இதே ‘கோலி’ இருக்கிறது, அப்பொருள் முதலில் பித்தக்கற்களில்தான் கண்டறியப்பட்டது.)

அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் மூன்று வால்களைக் கூர்ந்து பாருங்கள். ‘டமி’ என்றால் வெட்டித் திறத்தல். அதன் முன் ‘எக்’ சேர்ந்து ‘எக்டமி’ ஆனால் வெட்டி வெளியே எடுத்தல். ‘ஸ்டமி’ வேறு, கிரேக்கத்தில் வாயைக் குறிக்கும் ‘ஸ்டோமா’விலிருந்து வந்தது, புதிதாக ஒரு திறப்பு உண்டாக்குதல். ‘கொலெக்டமி’ என்பது பெருங்குடலை முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ நீக்குவது. ‘கொலாஸ்டமி’ என்பது பெருங்குடலை வயிற்றுச் சுவரின் வழியே வெளியே திறந்து, மலம் ஒரு பையில் சேருமாறு செய்வது. காதுக்கு ஏறத்தாழ ஒன்றாக ஒலிக்கும் இவ்விரண்டும் நோயாளியின் அன்றாட வாழ்க்கையில் மிகவும் வேறுபட்டவை என்பதால், எது செய்யப்போகிறார்கள் என்பதைத் தமிழிலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் உறவினர்களின் அச்சத்துக்கு வருகிறேன். ‘ஓமா’ என்பது பெரும்பாலும் கட்டி அல்லது வீக்கம் என்று மட்டுமே பொருள்படும். ‘லிப்போஸ்’ கொழுப்பு, லிப்போமா என்பது புற்றுநோயல்லாத கொழுப்புக் கட்டி. அடிபட்ட இடத்தில் இரத்தம் தேங்கினால் அது ஹீமட்டோமா. கண்ணின் பார்வை நரம்பு பாதிக்கப்படும் கிளாக்கோமாவில் கட்டியே கிடையாது. கார்சினோமா, சார்கோமா, லிம்போமா, மெலனோமா ஆகியவை புற்றுநோய்கள்தாம். ஆனால் அதை அறிவிப்பது ‘ஓமா’ அல்ல. முழுப் பெயரை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

‘ஐட்டிஸ்’ என்ற வாலும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. இன்று அது அழற்சியைக் குறிக்கிறது; அழற்சி எல்லாம் தொற்றல்ல. ஹெப்படைட்டிஸ் வைரஸாலும் வரும், மதுவாலும் சில மருந்துகளாலும் வரும். டெங்கு காய்ச்சலின்போது காணும் ‘திராம்போசைட்டோபீனியா’வின் வால் ‘பீனியா’. கிரேக்கத்தில் வறுமை என்று பொருள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்பதே அது.

சர்க்கரை நோயாளி வீட்டில் இருந்தால் ‘ஹைப்போ’, ‘ஹைப்பர்’ என்ற முன்னொட்டுகளைக் கவனியுங்கள். முன்னது சர்க்கரை அளவு கீழே, பின்னது மேலே, சிகிச்சையும் நேரெதிர். தொலைபேசியில் மருத்துவரிடம் பேசும்போது இந்தச் சொற்களைத் தவிர்த்து, கருவியில் காட்டும் எண்ணையே சொல்லுங்கள்.

ஒரே உறுப்புக்குக் கிரேக்கப் பெயரும் லத்தீன் பெயரும் புழங்குவது இன்னொரு குழப்பம். சிறுநீரகம் கிரேக்கத்தில் ‘நெஃப்ரோஸ்’, லத்தீனில் ‘ரேன்’. ஓர் அறிக்கையில் ‘நெஃப்ரோலித்தியாசிஸ்’ என்றும் மற்றொன்றில் ‘ரீனல் கால்குலை’ என்றும் இருந்தால் இரண்டு நோய் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். இரண்டும் சிறுநீரகக் கல்தான்.